வியாழக்கிழமை கிளம்பிய பை

2024 செப்டம்பர் 7, சனிக்கிழமை, காலை 10.20. கீரனூரில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. காற்று இல்லை, மேகமும் இல்லை. அன்று விநாயகர் சதுர்த்தி. பச்சை பெயின்ட் அடித்த ஓர் இரும்புக் கதவுக்கு முன்னால் எங்கள் வாடகைக் கார் நின்றது. கதவில் பூட்டுத் தொங்கியது. பூட்டிய வீட்டுக்குள் ஒரு துணிப் பை இருந்தது. பைக்குள் என் பாஸ்போர்ட்டும் என் மனைவியின் பாஸ்போர்ட்டும் இருந்தன. எங்கள் விமானம் திருச்சியிலிருந்து பகல் 2.10க்குப் புறப்பட இருந்தது.

கதவைப் பார்த்தபடி என் சம்பந்தி சொன்னார்: "பதட்டப்படாதீங்க சம்பந்தி. பை வியாழக்கிழமையே கெளம்பிருச்சு. பயணம் அன்னைக்கே ஆரம்பிச்சாச்சு."

அவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நல்ல மனிதர் என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். இரண்டாவதாகவும் எரிச்சல்தான்.

என் மகளின் மாமனார் அவர். கீரமங்கலம் பக்கத்தில் தென்னந்தோப்பும் ஒன்றரை ஏக்கர் பூத்தோட்டமும் வைத்திருந்தார். புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்று, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "கெழக்கு எங்கிட்டுங்க?" நான் கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் பார்த்து உட்காருவதற்காக எங்கள் சோபாவை அவரும் அவர் மகனுமாகத் தூக்கித் திருப்பிப் போட்டார்கள். டீப்பாய் பின்னால் போய்விட்டது. என் மனைவி கொண்டுவந்த காப்பியை அவர் தோளுக்கு மேலாக நீட்ட வேண்டியிருந்தது.

காலண்டர் தாளில் தினமும் கீழே ஒரு வரி போட்டிருப்பார்கள், இன்று சூலம் எந்தத் திசை, பரிகாரம் என்ன என்று. நம்மில் பலர் அதைப் பார்க்காமலே தாளைக் கிழிக்கிறோம். அவருக்கு அந்த வரிதான் காலண்டர். கீரமங்கலத்திலிருந்து புதுக்கோட்டை மேற்கே. வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. பரிகாரம் வெல்லம். அதனால் சட்டைப் பையில் ஒரு காகிதப் பொட்டலத்தில் எப்போதும் வெல்லம் வைத்திருப்பார். சட்டையில் எறும்பு ஊரும். பேச்சை நிறுத்தாமலே தட்டிவிட்டுக்கொள்வார்.

செல்போன் வந்த பிறகு திசை காட்டும் செயலியைப் போட்டுக்கொண்டு இன்னும் மோசமானார். போன இடமெல்லாம் போனை உள்ளங்கையில் படுக்கவைத்து ஒரு சுற்றுச் சுற்றுவார். ஒருநாள் எங்கள் வீட்டில் அது வடக்கைத் தெற்கே காட்டியது. போனை வாங்கிப் பார்த்தேன். மூடி போட்ட உறை, மூடியில் காந்தம். முள் காந்தத்தைப் பார்த்து நின்றிருக்கிறது. உறையைக் கழற்றிக் காட்டினேன்.

"ஒரு வருஷமா இதை வச்சுத்தான் பார்த்தீங்களா?"

"ஆமா."

"அப்ப ஒரு வருஷமா பார்த்த திசையெல்லாம் தப்பு சம்பந்தி."

"ஒரு வருஷமா எல்லாம் நல்லாத்தானே நடந்துச்சு" என்றார். உறையைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

கிளம்பிவிட்டால் திரும்பக் கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். ஒரு கல்யாணத்துக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வந்துவிட்டார். தெரு முனையில் நினைவு வந்திருக்கிறது, வீடு கண்ணுக்கு எதிரிலேயே இருந்திருக்கிறது, ஆனாலும் திரும்பவில்லை. புதுக்கோட்டையில் கல்யாணம் நடந்த தெருவில் இரண்டு மண்டபங்கள் அடுத்தடுத்து. எங்கள் மண்டபத்தில் நாங்கள் அவருக்காகப் பந்தியை நிறுத்தி வைத்திருந்தோம். அவர் பக்கத்து மண்டபத்தில், யாரென்றே தெரியாத ஒரு மாப்பிள்ளைக்கு மொய் எழுதிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "அவுகளும் நல்லவுகதான். சாப்பாடு நல்லாருந்துச்சு" என்றார்.

இதையெல்லாம் தூரத்திலிருந்து கேட்டால் சிரிப்பு வரும். என்னைப் போல மாவட்டக் கருவூலத்தில் முப்பத்து நான்கு வருடம் கணக்குப் பார்த்தவன் பக்கத்தில் உட்கார்ந்து அனுபவித்தால்தான் தெரியும்.

மகள் சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருக்கிறாள். அந்த வருடம் முழுகாமல் இருந்தாள். அதற்கு முந்திய வருடம் ஒன்று மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அப்போது பக்கத்தில் பெரியவர்கள் யாரும் இல்லை. இந்த முறை அவள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்பாள்: "அப்பா, வலி எடுக்கறதுக்கு முன்னாடி அம்மா வந்துருவாங்கள்ல?" டாக்டர் சொன்ன தேதி செப்டம்பர் 14. நான் அதற்கு ஒரு வாரம் முன்னால், 7ஆம் தேதிக்கு, எனக்கும் மனைவிக்கும் டிக்கெட் போட்டேன்.

போடுவதற்கு முன் எல்லாக் கணக்கும் பார்த்துவிட்டேன். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர், நாலேகால் மணி நேரம். அங்கே பன்னிரண்டரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பதின்மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், பதினைந்து மணி நேரம். எங்கள் வீட்டு வாசலில் காலை 9.40க்குக் காரில் ஏறினால் முப்பத்தாறு மணி இருபது நிமிடத்தில் தரை இறங்கலாம். டிக்கெட்டைப் பார்க்கச் சம்பந்தி கிளம்பும் வாரம் செவ்வாய்க்கிழமை வந்தார். கண்ணாடி போட்டிருந்தார்.

"சிங்கப்பூர்ல ஞாயித்துக்கெழமை காலை ஒம்பதரைக்கு ஏறுறீங்க."

"ஆமா."

"அங்கிட்டு ஞாயித்துக்கெழமை காலை ஒம்பதரைக்கு எறங்குறீங்க. நடுவுல நேரமே ஆகலையே சம்பந்தி."

சூரியன், தீர்க்கரேகை, தேதிக்கோடு எல்லாவற்றையும் ஒரு சாத்துக்குடியை வைத்து விளக்கினேன். இரண்டு ஊருக்கும் பதினைந்து மணி நேர வித்தியாசம், விமானம் போவதும் பதினைந்து மணி நேரம், அதனால் கடிகாரம் நின்ற மாதிரித் தெரிகிறது என்றேன். நாற்பது நிமிடம் ஆனது. பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "சரி, அன்னைக்கு ஒங்களுக்கு ராகு காலம் ஒண்ணா, ரெண்டா?" என்றார். எனக்கு அது இன்றைக்கும் தெரியாது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. காலண்டரிலிருந்து கிழித்துக்கொண்டு வந்த தாளை மடியிலிருந்து எடுத்தார். "சனிக்கெழமை கெழக்கே சூலம். சிங்கப்பூர் கெழக்கே."

"அதுலயே பரிகாரம் தயிர்னு போட்டுருக்கானே. ஆளுக்கு ஒரு கரண்டி தயிர் சாப்பிட்டுட்டுக் கெளம்புறோம்."

"தயிரெல்லாம் புதுக்கோட்டையிலேர்ந்து கீரமங்கலம் வரைக்கும் தாங்கும். அமெரிக்காவுக்குத் தாங்காது. அதுவும் புள்ளைப் பேறுக்குப் போறப்ப."

என் மனைவி அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கலைந்துபோனதை நினைக்கிறாள் என்று தெரிந்தது. அவள் பயத்தைப் போக்கத்தான் நான் உலக உருண்டையை எடுத்து வந்தேன். கீழ ராஜ வீதியில் வாங்கியது. "அமெரிக்கா கெழக்கேயும் இல்லை மேற்கேயும் இல்லை, எப்படிப் போனாலும் வரும். தோஹா வழியா மேற்கே போனாலும் தூரம் ஏறக்குறைய இதேதான்" என்றேன். திருச்சியில் ஒரு நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு சான் பிரான்சிஸ்கோ வரை இழுத்துக் காட்டினேன். நூல் சீனாவுக்கு மேலே ஏறி, சைபீரியாவைத் தொட்டு, அலாஸ்கா பக்கமாக இறங்கியது. "பாருங்க, நேர் வழி வடக்கே பார்த்துப் போகுது. பதினாலாயிரத்து எரநூறு கிலோமீட்டர். திசையெல்லாம் நாம வச்ச பேருதான் சம்பந்தி."

அவர் நூலை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"அப்ப கெழக்கும் ஆவும், மேற்கும் ஆவும், வடக்கும் ஆவும்."

"ஆமா."

"கெழக்குன்னா திங்கள், சனி ஆகாது. மேற்குன்னா வெள்ளி, ஞாயிறு ஆகாது. வடக்குன்னா செவ்வாயும் புதனும் ஆகாது." விரல்களை மடக்கி முடித்தார். "மிச்சம் வியாழன்தான். அன்னைக்குத் தெக்க சூலம். தெக்க நாம போகலை. நல்ல வேளை, நூலைப் பிடிச்சுக் காட்டுனீங்க."

ஆறு நாளையும் என் கையாலேயே நான் அடைத்திருந்தேன்.

வியாழக்கிழமைக்கு மாற்ற இடம் இல்லை என்று டிக்கெட் ஏஜென்ட் சொல்லிவிட்டார். நான் நிம்மதியானேன். ஆனால் அவரிடம் அதற்கும் ஒரு வழி இருந்தது. பரஸ்தானம். நல்ல நாளில் ஆள் கிளம்ப முடியாவிட்டால், ஆளுடைய மூட்டை ஒன்றை அன்றைக்கே கிளப்பி, போகிற வழியில் ஒரு வீட்டில் வைத்துவிட வேண்டும். மூட்டை கிளம்பினால் ஆள் கிளம்பிய கணக்கு. பிறகு எந்தக் கிழமையில் போனாலும் தோஷம் இல்லை. திருச்சி சாலையில் கீரனூரில் அவர் தங்கச்சி வீடு இருந்தது. தங்கச்சி கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். அந்த அம்மா தனியாக இருக்கிறார்.

"போற வழிதானே. சனிக்கெழமை நின்னு எடுத்துட்டுப் போயிருவோம். நானும் கூட வாரேன்" என்றார். என் மனைவியிடம், "சும்மா பழைய துணியை வச்சு ஏமாத்தக் கூடாது சம்பந்தியம்மா. போறவுகளுக்கு அடையாளமா ஒண்ணு உள்ள இருக்கணும்" என்றார்.

வியாழக்கிழமை காலை அவர் வந்து பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறும்போது நான் மாடியில் பெட்டிகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டபோதுதான் மனைவி சொன்னாள்.

"அடையாளமா ஒண்ணு வைக்கச் சொன்னாருல்ல. அதைவிட அடையாளம் நம்மகிட்ட வேற என்னங்க இருக்கு?"

உடனே அவருக்குப் போன் போட்டேன். "தங்கச்சி சாமி ரூம்ல வச்சிருக்கா. பத்திரமா இருக்கு."

"நாளைக்கு வீட்டுல இருப்பாங்களா?"

"அவ எங்க போகப் போறா?"

அந்த அம்மா பிள்ளையார்பட்டிக்குப் போயிருந்தார். சதுர்த்தியன்று இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் போகிற இடம்.

பூட்டைப் பார்த்தபடி நின்றோம். தங்கச்சியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. என் மனைவிக்கு முழங்காலில் அறுவை செய்து அப்போது எட்டு மாதம். காரை விட்டு இறங்கவில்லை. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். "அக்கம்பக்கத்துல சாவி குடுத்துருக்காளான்னு நான் கேட்டுட்டு வாரேன்" என்று அவர் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, இல்லை என்று தலையாட்டினார்.

"பூட்டை உடைச்சிருவோம்" என்றேன்.

"வேண்டாம் சம்பந்தி. ஒத்தைப் பொம்பளை இருக்குற வீடு. ஊரு ஒண்ணு கிடக்க ஒண்ணு பேசும். அதோட பூட்டை ஒடைச்சு எடுக்குற பை நல்லதுக்கு ஆகாது. செத்த பொறுங்க, வந்துருவா."

டிரைவர் பொறுக்க மாட்டாமல், "ஐயா, ஒண்ணு பத்துக்கெல்லாம் கவுன்டரை மூடிருவாங்க" என்றார். பதினோரு மணி ஆனது. பன்னிரண்டு ஆனது. சம்பந்தி வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தங்கச்சி வரப்போகிற பஸ்ஸைத் தன் பார்வையாலேயே இழுத்துவிடுவார் என்பது போல.

12.20க்கு மகள் கூப்பிட்டாள். அங்கே வெள்ளிக்கிழமை நள்ளிரவு நெருங்கியிருக்கும்.

"அப்பா, ஏர்போர்ட்டுக்குள்ள போயாச்சா?"

நான் பதில் சொல்வதற்குள் மனைவி போனை வாங்கிவிட்டாள். "போய்க்கிட்டே இருக்கோம்டா. நீ இன்னும் தூங்கலையா?"

"முதுகு வலிக்குதும்மா. தூக்கம் வரலை. சும்மா உன் குரலைக் கேக்கலாம்னு."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. கார் ஜன்னலுக்கு வெளியே நின்ற சம்பந்தி எல்லாவற்றையும் கேட்டார். பின்பக்கம் போய், டிக்கியைத் திறக்கச் சொல்லி, ஜாக்கி கம்பியை எடுத்தார். பூட்டின் மேல் நான்கு அடி போட்டார். நான்காவது அடியில் பூட்டு உடைந்தது, அவர் கட்டைவிரலும் நசுங்கியது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். விரலில் ரத்தம் வடிந்தது. தோள் துண்டைச் சுற்றிக்கொண்டார்.

கவுன்டருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது 1.16. ஆறு நிமிடம். அங்கிருந்த பெண் பணிவாகத்தான் சொன்னாள்.

கீரனூர் வழியாகத் திரும்பினோம். அப்போதுதான் தங்கச்சி போன் செய்தார். பின்சீட்டில் இருந்த எனக்கே கேட்டது. "கூட்டத்துல போன் சத்தம் கேக்கலைண்ணே. சாவியைத் தெக்கு வீட்டுலதானே குடுத்துட்டு வந்தேன், கேக்கலையா?"

நான் அவரைப் பார்த்தேன். "அக்கம்பக்கத்துல கேட்டேன்னீங்க."

"வடக்கு வீட்டுல கேட்டேன். எதுத்த வீட்டுலயும் கேட்டேன்."

"தெக்கு வீடு?"

"வடக்க கெளம்புன பயணம் சம்பந்தி. தெக்க பார்த்து எப்படிக் காலை எடுத்து வைக்கிறது?"

நான் அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, பச்சைக் கதவிலிருந்து தெற்கு வீட்டு வாசல் வரை நடந்து பார்த்தேன். பதினோரு எட்டு. அவர் கடைவீதிக்குப் போய் ஒரு புதுப் பூட்டு வாங்கிவந்து, கட்டுப் போட்ட விரலோடு மாட்டினார்.

அடுத்த இடம் திங்கட்கிழமைதான் கிடைத்தது. திங்களும் கிழக்கே சூலம். அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு இரவு அங்கே மகளுக்கு வலி எடுத்துவிட்டது. முதல் டிக்கெட்டில் போயிருந்தால் அன்று காலையே இறங்கியிருப்போம். ஒரு நாளுக்கு மேல் வலித்து, செவ்வாய்க்கிழமை விடிகாலை 4.52க்கு ஆபரேஷன் செய்து பேத்தியை எடுத்தார்கள். அப்போது நாங்கள் பசிபிக் கடலுக்கு மேலே இருந்தோம். என் மனைவிக்கு விமானப் பணிப்பெண் இரண்டாவது போர்வையைப் போர்த்திவிட்டது எனக்கு நினைவிருக்கிறது. 9.30க்கு இறங்கினோம். மருத்துவமனைக்குப் போனபோது மகள் விழித்திருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு ராத்திரியும் ஒன்னையத்தான்மா தேடினேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். மனைவி கையை எடுக்காமல் மாலை வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சம்பந்தி வீடியோ காலில் வந்தார். பேத்தியை முதன்முதலாகப் பார்க்கிறார். பார்த்ததும் கேட்டார்: "புள்ளையை எங்கிட்டுத் தலை வச்சுப் போட்டுருக்கீங்க?"

என் போனில் பார்த்தேன். தலை சரியாக வடக்கே இருந்தது. திரையில் அவர் கட்டைவிரலில் இன்னும் கட்டு இருந்தது.

"கெழக்கே" என்றேன்.

"நல்லது, நல்லது" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டிசம்பரில் ஊர் திரும்பினோம். அதற்குள் கதை உறவுக்குள் பரவிவிட்டது. கீரமங்கலத்துக்காரர் கிழமை பார்த்துப் பார்த்து, பெற்ற தாயைப் பிரசவத்துக்குப் போகவிடாமல் செய்துவிட்டார் என்று கல்யாண வீடுகளில் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். பாஸ்போர்ட்டையுமா பையில் வைக்கச் சொல்வாய் என்று அவருடைய அண்ணனே திட்டினார். அவர், "ஆமா, தப்புதான்" என்று கேட்டுக்கொண்டார். பாஸ்போர்ட்டை வைத்தது யார் என்று ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை. என் மனைவிக்கு அது பொறுக்கவில்லை. நேரில் கேட்டாள்.

"வச்சது நான்தானே. சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா மட்டும் ப்ளேன் திரும்பியா வரப்போகுது சம்பந்தியம்மா?" என்றார். பிறகு சட்டையில் ஊர்ந்த எறும்பைத் தட்டிவிட்டார்.

இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. திட்டுவதற்கு ஒரு முழு ஆளாக அவர் நிற்கவே மாட்டார். மார்கழிக் கடைசியில் ஒருநாள் வீட்டுக்கு வந்து, டிக்கெட் மாற்றிய செலவில் பாதியைத் தருவதாகச் சொன்னார். சம்பந்தியிடம் காசு வாங்கிப் பிழைக்கும் நிலைமையில் நான் இல்லை என்று குரலை உயர்த்தி அனுப்பிவிட்டேன். வாங்கியிருக்க வேண்டும். பாதியை வாங்கியிருந்தால் கோபத்திலும் பாதி அன்றைக்கே தீர்ந்திருக்கும். தை பிறந்த பத்தாம் நாள் தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் அங்கேயே விழுந்துவிட்டார். இனி யாரிடம் சண்டை போடுவது? டிக்கெட் வித்தியாசம், இரண்டு நாள் கார் வாடகை, சிங்கப்பூரில் மனைவிக்கு முழங்கால் வலி வந்து எடுத்த அறை, எல்லாம் என் பேரிலேயே நிற்கிறது. இரண்டு லட்சத்து நாற்பத்தோராயிரத்து எண்ணூற்று எழுபது ரூபாய்.